15 நிமிடப் படம், ஒரு வார வேலை

கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ஏற்றுமதிப் பிரிவின் பொறுப்புக்கு வந்திருக்கும் ஒரு பெண் கேட்ட கேள்வி இது. கம்பெனி வலைதளத்தில் போடுவதற்காக அடுத்த வியாழக்கிழமை ஆபீசுக்கே போட்டோகிராபர் வருகிறார். ஆளுக்கு 15 நிமிடம். "நான் கறுப்பு. கண்ணாடி போடுகிறேன். இதுவரை எந்தப் படத்திலும் நான் நன்றாக விழுந்ததில்லை. புடவை கட்டுவதா, கோட் போடுவதா? பார்லருக்குப் போக வேண்டுமா? எப்படித் தயாராவது?"

நான் கல்யாண வீடுகளில் லைட் பிடிக்கும் பையனாக ஆரம்பித்தவன். இப்போது பெரும்பாலும் கம்பெனிகளுக்கு இந்த மாதிரிப் படங்கள் எடுப்பதுதான் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த 'நன்றாக விழுந்ததில்லை' என்பதைப் பார்த்துவிடுவோம். என் எதிரே வந்து உட்காருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாயைத் திறந்ததும் சொல்வது இதைத்தான். முதலாளியும் சொல்வார், நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனும் சொல்வான். இதற்கு இரண்டு காரணம் உண்டு. இரண்டிலுமே உங்கள் முகத்தின் மேல் தப்பு இல்லை.

ஒன்று, நிலைக்கண்ணாடி. தினமும் நாம் பார்த்துப் பழகியது இடம் வலம் மாறிய முகம். படத்தில் வகிடு இந்தப் பக்கமும் மூக்குத்தி அந்தப் பக்கமுமாக இருக்கும்போது, ஏதோ கோணலாக இருக்கிறதே என்று மனது உறுத்தும். 1977ல் அமெரிக்க உளவியலாளர்கள் மூவர் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரே படத்தை நேராக ஒன்று, இடவலம் மாற்றி ஒன்று என்று அச்சிட்டுக் காட்டினார்கள். படத்தில் இருந்த பெண்களுக்குப் பெரும்பாலும் பிடித்தது கண்ணாடியில் தெரிவது போன்ற பிரதி. அவர்களுடைய நண்பர்களுக்குப் பிடித்தது நேர்ப் பிரதி. ஆகவே உங்கள் படத்தை நீங்கள் தனியாக உட்கார்ந்து தேர்ந்தெடுக்கக் கூடாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது, போன். கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் லென்ஸுக்கும் மூக்குக்கும் இடையே அரை மீட்டர்தான் இருக்கும். அவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்தால் யாருக்கும் மூக்கு புடைத்து, காது பின்னால் போய்விடும். வியாழக்கிழமை வருகிறவர் 85 அல்லது 105 எம்எம் லென்ஸ் போட்டு, சுமார் இரண்டு மீட்டர் தள்ளி நிற்பார். மேஜைக்கு எதிரே உட்கார்ந்து உங்களோடு பேசுகிறவர் பார்க்கிற முகம் கிட்டத்தட்ட அப்போதுதான் வரும். அதனால் போன் படங்களை வைத்து உங்களை எடை போடாதீர்கள்.

சரி, புடவையா கோட்டா? இதற்கு நான் எல்லோரிடமும் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு உங்களை நேரில் சந்திக்கப் போகிறவர் யார்? உங்கள் விஷயத்தில் அது வெளிநாட்டு வாடிக்கையாளர். ஜெர்மனியின் ஹானோவர் தொழில் கண்காட்சியில் உங்கள் ஸ்டாலைத் தேடி வருகிறார் என்று வையுங்கள். அன்றைக்கு நீங்கள் அங்கே எதைப் போட்டுக்கொண்டு நிற்பீர்கள்? புடவை என்றால் படத்திலும் புடவை. கோட் என்றால் கோட். வெளிநாட்டுக்காரர் பார்ப்பாரே என்பதற்காக வாழ்க்கையில் போடாத கோட்டைக் கடன் வாங்கிப் போட்டால், தோள் தையல் கைக்கு இறங்கி, காலர் கழுத்தை விட்டு விலகி, 'இது இவருடையது இல்லை' என்று படமே காட்டிக்கொடுத்துவிடும். பொட்டு, கண்ணாடி, தாடி, நரை எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல் போதும். அவர் வந்து நின்றதும் உங்களை அடையாளம் கண்டு கையை நீட்ட வேண்டும்.

புடவை என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன். நீங்கள் கேட்ட விதத்திலேயே மனது அந்தப் பக்கம் இருப்பது தெரிகிறது. இந்த வகைப் படம் பெரும்பாலும் மார்புக்குச் சற்றுக் கீழே வெட்டப்படும். கொசுவம், முந்தானை வேலைப்பாடு எதுவும் தெரியாது. தெரிவது ரவிக்கைக் கழுத்தும் தோளில் விழும் மடிப்பும் மட்டுமே. அதனால் பீரோவில் இருக்கும் விலை உயர்ந்த பட்டுப்புடவையை எடுக்காதீர்கள். அகலமான ஜரிகை ஃபிளாஷ் வெளிச்சத்தில் பளீரென்று அடித்து, பார்க்கிறவர் கண்ணை முகத்தை விட்டுத் தோளுக்கு இழுத்துக்கொண்டு போகும். மெல்லிய கரை வைத்த நெகமம் காட்டன் மாதிரி ஒன்று போதும். ஆனால் கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்தால் தோளில் மடிப்பு கூரை மாதிரி நிற்கும். ஒருமுறை கட்டி, லேசாகத் தணிந்த புடவைதான் உடம்போடு படியும். தோள் மடிப்பை நான்கு விரல் அகலத்துக்குள் அடுக்கி, ஊக்கு வெளியே தெரியாமல் உள்பக்கமாகக் குத்துங்கள். பெட்டியில் மடித்தே கிடந்த புடவையில் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியும். புதன்கிழமை இரவே இஸ்திரி போட்டு ஹேங்கரில் தொங்கவிடுங்கள்.

உங்கள் நிறத்துக்கு மயில் நீலம், அரக்கு, பாட்டில் பச்சை, கடுகு மஞ்சள் எல்லாம் அழகாக எடுக்கும். தூய வெள்ளை மட்டும் கொஞ்சம் சிக்கல். வெள்ளைக்கு வெளிச்சம் அளந்தால் முகம் இருட்டும், முகத்துக்கு அளந்தால் வெள்ளை வெளுத்துப்போகும். திறமையானவர் சமாளிப்பார். ஆனால் 15 நிமிடத்தில் அவருக்கு அந்தப் பரீட்சையை வைப்பானேன்? எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடிக் கட்டங்களையும் மயிரிழைக் கோடுகளையும் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள். அந்த நுணுக்கமான வரிசை கேமரா சென்சாரின் புள்ளி வரிசையோடு மோதி, துணியிலேயே இல்லாத அலை அலையான கோடுகளை உண்டாக்கும். தொழிலில் இதை மோரே என்போம். பின்னால் கம்ப்யூட்டரில் சரிசெய்வது பெரிய தலைவலி. ஆண்கள் ஆபீசுக்குப் போடும் பொடிக்கட்டச் சட்டைகளில் இது அடிக்கடி வரும். இன்னொன்று, பின்னணி என்ன நிறம் என்று முன்கூட்டியே கேளுங்கள். பச்சைத் திரை கட்டிப் பிறகு பின்னணியை மாற்றப் போகிறார்கள் என்றால் பச்சை உடுத்தக் கூடாது. சாம்பல் திரை முன்னால் சாம்பல் உடுத்தினால் தலை மட்டும் அந்தரத்தில் மிதக்கும்.

கோட்தான் என்று முடிவானால், கறுப்பைவிடக் கருநீலமோ அடர் சாம்பலோ நல்லது. கறுப்புத் துணி வெளிச்சத்தைக் குடித்துவிடும். காலர் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. தோள் அளவு சரியாக இருந்தால் போதும், இடுப்புப் பக்கம் தொளதொள என்று இருந்தால் முதுகில் ஒரு கிளிப் போட்டு இழுத்துவிடுவோம். நீங்கள் பார்த்திருக்கும் பாதி கோட் படங்களின் முதுகுப் பக்கம் கிளிப்தான். உட்கார்ந்து எடுத்தால் கோட்டின் பின்பக்க ஓரத்தை இழுத்து அதன் மேலேயே உட்கார வேண்டும், இல்லாவிட்டால் தோள் காது வரை ஏறும்.

எதுவானாலும் இரண்டு உடை கொண்டுபோங்கள்.

இப்போது நிறம். 'நான் கறுப்பு' என்பதை ஒரு குறையைச் சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அது வெளிச்சம் அமைக்கிறவனின் பாடு, உங்கள் பாடு இல்லை. கேமராவின் ஒளி அளவி தன் முன்னால் இருப்பது எல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பலாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடும். வெள்ளைச் சுவர் முன்னால் உங்களை நிறுத்தினால், 'அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்' என்று அது குறைத்துவிடும். அந்தக் குறைப்பில் அடிபடுவது உங்கள் முகம். விவரம் தெரிந்தவர் முகத்துக்கு அளந்து, பெரிய சாஃப்ட்பாக்ஸை, அதாவது வெளிச்சத்தை மென்மையாக்கும் துணி போர்த்திய லைட் பெட்டியை, பக்கத்தில் கொண்டுவந்து, கன்னத்திலும் நெற்றியிலும் மெல்லிய பளபளப்பு வரும்படி வைப்பார். கறுத்த தோலில் அந்தப் பளபளப்புதான் முகத்துக்கு உருவம் கொடுக்கும்.

இந்தத் தொழிலே வெகுகாலம் வெள்ளைத் தோலை அளவுகோலாக வைத்திருந்தது. கோடக் நிறுவனம் 1950களில் இருந்து பிரிண்ட் போடும் லேப்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். ஷெர்லி கார்டு என்று பெயர். அந்தப் பெண்ணின் தோல் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி. அடர் பழுப்பு நிறங்களில் நுணுக்கமே விழுவதில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் புகார் சொன்னபிறகுதான் பிலிமைத் திருத்தினோம் என்று அங்கே வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். மனிதர்களுக்காக இல்லை, மேஜை நாற்காலிக்காக! அதே வியாதி நம் ஊர் ஸ்டூடியோக்களில் 'கலர் ஏத்திடலாம்ணா' என்ற வடிவத்தில் இன்னும் இருக்கிறது. நானும் செய்திருக்கிறேன். வெகுநாள் முன்பு ஒரு பள்ளித் தலைமை ஆசிரியைக்குக் கைப்பழக்கத்தில் முகத்தை இரண்டு படி வெளுத்து அனுப்பினேன். 'படம் நன்றாக இருக்கிறது தம்பி, ஆனால் இது யார்?' என்று பதில் வந்தது. அன்றோடு விட்டேன்.

அதனால் பார்லருக்குப் போய் பிளீச், ஃபேஷியல் எதுவும் வேண்டாம். குறிப்பாக இந்த ஒரு வாரத்தில் வேண்டாம். புதிதாகப் பூசியது ஒத்துக்கொள்ளாமல் முகம் தடித்துவிட்டால் வியாழக்கிழமைக்குள் இறங்காது. புருவம் திருத்துவதாக இருந்தால் ஞாயிறு அல்லது திங்களோடு முடித்துவிடுங்கள். தலைக்குச் சாயம் போடுகிற வழக்கம் இருந்தால் இந்த வார இறுதியிலேயே போட்டுவிடுங்கள், நெற்றி ஓரத்தில் ஒட்டிய கறை மறைய இரண்டு மூன்று குளியல் ஆகும். போடுகிற வழக்கம் இல்லையென்றால் படத்துக்காகத் தொடங்காதீர்கள். முடி வெட்டுவதும் அப்படித்தான், ஒரு வாரம் முன்னால். ஆண்கள் அன்று காலையில் சலூனுக்குப் போய்விட்டு நேரே வருவார்கள். காதோரமும் பிடரியும் கோடு போட்ட மாதிரி வெளிறித் தெரியும்.

மேக்கப் போடுகிற பழக்கம் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் ஃபவுண்டேஷன் உங்கள் கழுத்தின் நிறத்தில் இருக்க வேண்டும். ஒரு படி வெளுப்பாக வாங்குவது நம் ஊர் வழக்கம். ஃபிளாஷ் வெளிச்சத்தில் அது முகத்தில் சாம்பல் பூத்த மாதிரி விழும். டால்கம் பவுடரும் அதே கதைதான். சன்ஸ்கிரீனில் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இருந்தால் அதுவும் ஃபிளாஷைத் திருப்பி அடித்து முகத்தை வெளிறக் காட்டும். அன்று ஒருநாள் அதை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வழிவதைத் துடைக்கக் கைப்பையில் டிஷ்யூ வையுங்கள். தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். கண்மை மெல்லிசாக இருந்தால் போதும்.

பொட்டு? தினமும் எதை வைக்கிறீர்களோ அது. கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு மட்டும் மின்னும், சாதாப் பொட்டே நல்லது. திருநீறு வைக்கிறவர்கள் வைக்கலாம், மூக்கில் உதிர்ந்ததைத் தட்டிவிட்டால் சரி. கழுத்தில் தொங்கும் கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றுங்கள். இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைப்பீர்கள். 40 பேரை எடுத்தால் 10 பேருக்காவது நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

மூக்குக்கண்ணாடி தினமும் போடுகிறவர் என்றால் படத்திலும் போட வேண்டும். இதில் மட்டும் கொஞ்சம் வேலை இருக்கிறது. முதல் நாள் கடைக்குப் போய் பிரேமின் வளைவைச் சரிசெய்து, நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் லைட்டின் பிம்பம் விழுந்தால், காதின் மேல் இருக்கும் காம்பை அரை விரற்கடை தூக்கி வைப்போம். லென்ஸ் கொஞ்சம் கீழே சாய்ந்து பிம்பம் விலகிவிடும், நேரே பார்க்கும்போது தூக்கியது தெரியாது. அவர் இதைச் செய்ய மறந்தால் நீங்களே கேளுங்கள். வெயிலில் கறுக்கும் வகை லென்ஸ் என்றால் உள்ளே வந்து தெளிய ஐந்து பத்து நிமிடமாவது கொடுக்க வேண்டும். பழைய சாதாக் கண்ணாடி இருந்தால் அதையே எடுத்துவருவது உத்தமம். கண்ணாடி இல்லாமலும் ஒன்று எடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தால், கால்மணி நேரம் முன்னாலேயே கழற்றிவிடுங்கள். மூக்கின் இரு பக்கமும் பதிந்த குழி மறைய அவ்வளவு நேரமாகும்.

எச்ஆரிடம் இப்போதே போய் நேரம் கேட்டு வாங்குங்கள். முதல் ஆளாகப் போகாதீர்கள், முதல் இரண்டு மூன்று பேரை வைத்துத்தான் நாங்கள் லைட்டைச் சரிசெய்வோம். இதை எந்தப் போட்டோகிராபரும் ஒப்புக்கொள்ள மாட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் வேண்டாம், கண்ணில் தூக்கம் தெரியும். காலை பத்தரை, பதினொன்று சரியான நேரம். முதல் நாள் ராத்திரி ஊறுகாய், அப்பளம் என்று உப்பு அதிகமானால் காலையில் கண்ணுக்குக் கீழே வீங்கும் உடம்பு சிலருக்கு. உங்களுக்கு எப்படி என்று உங்களுக்கே தெரியும். வண்டியில் வருகிறவர் என்றால் ஹெல்மெட் அமுக்கிய தலையைச் சரிசெய்ய அரைமணி முன்னால் வந்துவிடுங்கள்.

அந்த 15 நிமிடத்தில் என்ன செய்வது? எல்லோரும் வீட்டில் நிலைக்கண்ணாடி முன் சிரித்துப் பழகிவிட்டு வருவார்கள். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862லேயே இதை எழுதிவைத்தார். உண்மையான சிரிப்பில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும், அது நாம் நினைத்த மாத்திரத்தில் கட்டளைக்கு வராது. அதனால் பழக வேண்டியது சிரிப்பை இல்லை, பேச்சை. ஒரு வார்ப்படத் தொழிற்சாலை உரிமையாளரை எடுக்கப் போனேன். விறைத்துப் போய் உட்கார்ந்திருந்தார், பாஸ்போர்ட் படம் மாதிரி. உங்கள் வார்ப்பில் ஓட்டை இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். 'தட்டினா சத்தத்திலேயே தெரிஞ்சிரும் தம்பி' என்று சுத்தியலால் தட்டுகிற மாதிரி கையைத் தூக்கிக் காட்டி, காதைச் சாய்த்து, அந்த 'ணங்' சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினார். முடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் எடுத்த படம்தான் இன்றும் அவர் ஆபீஸ் சுவரில் இருக்கிறது. நீங்களும் உங்கள் வேலையில் பேசப் பிடித்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். முதல் ஆர்டர் எப்படிப் பிடித்தீர்கள், எந்தத் துறைமுகத்தில் கண்டெய்னர் மாட்டிக்கொண்டது, எதுவானாலும் சரி. போட்டோகிராபர் பேசாத ஆளாக இருந்தால் நீங்கள் பேச்சுக் கொடுங்கள்.

உடம்புக்கு மூன்றே விஷயம். கேமராவுக்கு நேராக நெஞ்சை நிறுத்தாமல் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, முகத்தை மட்டும் கேமராவுக்குக் கொடுங்கள். மூச்சை வெளியே விட்டுத் தோளைக் கீழே இறக்குங்கள். மூன்றாவது, தாடை. நெற்றியை ஆமை மாதிரி ஒரு அங்குலம் முன்னால் நீட்டி, தாடையைச் சற்றே இறக்குங்கள். செய்யும்போது அசட்டுத்தனமாக இருக்கும். படத்தில் கழுத்து மடிப்பு காணாமல் போய் தாடைக்கோடு தெளிவாக வரும். இது ஒன்றை மட்டும் வீட்டில் பழகிப் பாருங்கள். கண் மிரண்டு விரிந்த மாதிரி விழுகிறது என்றால் கீழ் இமையைத் துளி சுருக்க வேண்டும். நியூயார்க்கில் இந்த வகைப் படங்களுக்கே பேர்போன பீட்டர் ஹர்லி இதற்கு 'ஸ்குவின்ச்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார். எனக்கு எளிதாகப் படுவது வேறு: கண்ணை மூடிக்கொண்டு, அவர் மூன்று எண்ணியதும் திறங்கள்.

எடிட்டிங் பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள். நான் வைத்திருக்கும் வழக்கம் இது. அடுத்த வாரம் இருக்காத பரு, கலைந்த முடி, ரவிக்கையில் ஒட்டிய நூல் இவற்றை எடுத்துவிடுவேன். மச்சம், தழும்பு, நரை இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையத்தைப் பாதியாகக் குறைப்பேன், முழுதும் எடுத்தால் முகம் பொம்மை ஆகிவிடும். உங்கள் போட்டோகிராபரிடம் "நிறத்தை மட்டும் தொடாதீர்கள்" என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் ஏற்றிவிட வாய்ப்பு உண்டு.

படங்கள் வந்ததும் உங்களோடு தினமும் வேலை பார்க்கும் இரண்டு பேரிடம் காட்டுங்கள். 'எது அழகாக இருக்கிறது' என்று கேட்காதீர்கள், 'எது நான் மாதிரியே இருக்கிறது' என்று கேளுங்கள். உங்களுக்குப் பிடித்ததும் அவர்கள் சொல்வதும் வேறாக இருந்தால் அவர்கள் பேச்சைக் கேளுங்கள். முழு அளவுக் கோப்பை மெயிலிலோ டிரைவிலோ வாங்குங்கள், வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். லிங்க்ட்இனில் முகம் வட்டத்துக்குள் வெட்டப்படும். தலைக்கு மேலும் இரு பக்கமும் இடம் விட்ட ஒரு பிரதியும் கேட்டு வாங்குங்கள், 400க்கு 400 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். இங்கே காசு கொடுப்பது கம்பெனி. உங்கள் சொந்த லிங்க்ட்இனில் போட்டுக்கொள்ளலாமா, நாளைக்கு வேலை மாறினால் என்ன என்று எச்ஆரிடம் ஒரு மெயிலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஐந்தாறு படம் எடுத்ததும், "கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேமராவின் திரையைப் பாருங்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலான போட்டோகிராபர்களுக்கு அது உதவிதான். முந்தானை மடிப்பு விலகியிருக்கிறதா, கண்ணாடியில் லைட் தெரிகிறதா, முகம் சுவரைவிட இருட்டாக இருக்கிறதா என்று பார்த்து அங்கேயே சொல்லுங்கள். லைட்டைக் கழற்றிப் பையில் போட்டபிறகு சொன்னால், தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிவிடுவோம்.